மலையில் விழுந்த விமானமும் அதற்குள் எழும்பிவிடும் தீர்ப்புகளும்: எதை நம்புவது, எதைக் கேட்பது?

கயல்விழி (கேள்வி)

பயணிகள் விமானம் ஒன்று ஆள் நடமாட்டமற்ற மலைத்தொடரில் விழுந்துவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம், மீட்புக் குழு கிளம்புவதற்கு முன்பே என் கைப்பேசிக்கு விளக்கங்கள் வந்து குவிந்துவிடுகின்றன. தவறு விமானியுடையதுதான் என்று ஒருவர் தீர்ப்பெழுதுகிறார். உள்ளே இருந்த முக்கியப் புள்ளி ஒருவரைக் கொல்வதற்காகவே வீழ்த்திவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். தெருவில் போகும் காரைக்கூடச் செயற்கைக்கோள் படம் பிடிக்கும் காலத்தில் இவ்வளவு பெரிய விமானம் எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லையென்றால் அரசு எதையோ மறைக்கிறது என்று மூன்றாமவர் முடிவு கட்டுகிறார். இவர்கள் யாரும் விவரம் அறியாதவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான என் மாமா, நிறுவாமல் ஒரு தேற்றத்தைக்கூட ஏற்காதவர், இத்தகைய நேரங்களில் கண்ணில் பட்டதையெல்லாம் பகிர்ந்துகொண்டிருக்கிறார்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. மலையில் விழுந்த விமானத்தைக் கண்டுபிடிக்கவும், விழுந்ததற்கான காரணத்தைச் சொல்லவும் உண்மையிலேயே இத்தனை காலம் பிடிக்குமா, அல்லது அந்தத் தாமதத்தில் சந்தேகப்படுவதற்கு இடமுண்டா? அப்படிச் சந்தேகம் கொள்வது எப்போதுமே தவறுதானா? அரசுகளும் நிறுவனங்களும் உண்மையை மறைத்ததே இல்லை என்று மாமாவிடம் வாதிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் பகிர்வதையெல்லாம் நம்பவும் முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

இறக்கை

விமானப் பராமரிப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், தாமதம் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். சந்தேகத்தைப் பற்றிப் பேச இந்தக் களத்தில் என்னைவிட ஆர்வமானவர்கள் இருக்கிறார்கள்.

ராடார் அலை நேர்கோட்டில் செல்வது. விமானம் ஒரு மலைமுகட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் கட்டுப்பாட்டு அறையின் திரையிலிருந்து மறைந்துவிடும். கடைசியாகத் தெரிந்த இடம் மட்டுமே கையில் இருக்கும். அதிர்ச்சியில் தானாகவே இயங்கிச் செயற்கைக்கோளுக்குக் குறிப்பு அனுப்பும் அவசரக் கருவி ஒன்று விமானத்தில் உண்டு என்பது உண்மையே. ஆனால் மோதிய வேகத்தில் அதன் ஆன்டெனா அறுந்துவிட்டாலோ, தீப்பிடித்துவிட்டாலோ, அது ஊமையாகிவிடும். 2022 மே 29 அன்று நேபாளத்தின் பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குக் கிளம்பிய தாரா ஏர் நிறுவனத்தின் சிறிய விமானம், இருபது நிமிடப் பயணத்தின் நடுவே 22 பேருடன் காணாமல் போனது. அதைத் தேடியவர்களுக்கு உதவியது விமானியின் கைப்பேசி கடைசியாக இருந்த இடம் பற்றித் தொலைத்தொடர்பு நிறுவனம் கொடுத்த தகவல். அப்படியிருந்தும் மோசமான வானிலையால் அன்று நெருங்க முடியாமல், மறுநாள்தான் சிதைவுகளைக் கண்டார்கள்.

தேடுகிறவர்கள் தலைக்கு மேலேயே பறந்தும் விமானத்தைப் பார்க்கத் தவறுவதும் உண்டு. 1972 அக்டோபர் 13 அன்று ஆண்டீஸ் மலையில் விழுந்த உருகுவே விமானம் வெள்ளை நிறத்தில் இருந்தது, அது கிடந்த இடமோ பனி. உயிர் தப்பியவர்கள் பயணப் பெட்டிகளில் கிடைத்த உதட்டுச் சாயத்தால் விமானத்தின் கூரையில் உதவி கேட்டு எழுதப் பார்த்தார்கள். மேலிருந்து தெரியும் அளவுக்குப் பெரிதாக எழுதச் சாயம் போதவில்லை. எட்டு நாளில் தேடுதல் கைவிடப்பட்டது. அந்தச் செய்தியை அவர்கள் தங்களிடம் இருந்த சிறிய வானொலியிலேயே கேட்டார்கள். 45 பேரில் 16 பேர் 72 நாட்களுக்குப் பிறகு மீண்டு வந்தார்கள். செயற்கைக்கோள் இல்லாத காலம் அது என்று சொல்வீர்கள். ஆனால் செயற்கைக்கோள் ஒவ்வோர் இடத்தையும் ஒவ்வொரு நொடியும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அது கடந்து போகும் நேரத்தில் மேகம் மூடியிருந்தால் சாதாரணப் படத்தால் பயனும் இல்லை.

கறுப்புப் பெட்டி பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும், ஏனெனில் "ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும் பெட்டியை ஏன் எடுக்கவில்லை" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். அந்த ஒலிக்கருவி தண்ணீரில் மூழ்கினால்தான் இயங்கும். கடலில் விழுந்தால் அது கூப்பிடும். மலையில் விழுந்தால் அது வெறும் ஆரஞ்சு நிற உலோகப் பெட்டி, தீயில் கருகியிருந்தால் அந்த நிறமும் இராது. 2015 மார்ச் 24 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மன்விங்ஸ் விமானம் மோதி 150 பேர் இறந்தபோது, இரண்டு கறுப்புப் பெட்டிகளில் ஒன்றான விமானி அறையின் குரல் பதிவுக் கருவி அன்றே கிடைத்தது. மற்றொன்றான பறத்தல் தரவுப் பதிவுக் கருவியோ ஏப்ரல் 2 அன்றுதான் கிடைத்தது. முன்பே தேடி முடித்திருந்த ஓர் ஓடைப்பள்ளத்தில், கருங்கற்களோடு கருங்கல்லாகப் புதைந்து கிடந்ததை ஒரு பெண் காவலர் தோண்டி எடுத்தார். முதலில் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில்தான் ஆட்களை இறக்க முடிந்தது. பிறகு புல்டோசர் வைத்து ஒரு பாதை வெட்டினார்கள். கைப்பிடி அளவுத் துண்டுகளாகச் சிதறிய விமானத்தையும், மரபணுச் சோதனையால் மட்டுமே அடையாளம் காணக்கூடிய உடல் பகுதிகளையும் அந்தச் சரிவில் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருந்தது. இதில் தாமதம் என்று எதைச் சொல்வது?

மாற்றுக்கருத்து

இறக்கை அவர்கள் சொன்ன தொழில்நுட்பத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் "மலை கடினமானது, பொறுத்திருங்கள்" என்ற ஒரே வாசகத்தை எல்லா விபத்துக்கும் பொருத்திவிட்டால், பொறுத்திருந்ததனால் மட்டுமே உயிர்கள் போன நிகழ்ச்சிகளும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

1985 ஆகஸ்ட் 12 அன்று மாலை டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 123, வால்பகுதி உடைந்து, கட்டுப்பாட்டை இழந்து, அரை மணி நேரத்துக்கு மேல் தத்தளித்துக் குன்மா மாநிலத்தின் மலைமுகட்டில் மோதியது. உள்ளே 524 பேர் இருந்தார்கள். அருகில் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானப்படையின் சி-130 விமானம் ஏறத்தாழ இருபது நிமிடங்களிலேயே புகையைக் கண்டு இடத்தைச் சொன்னது. இருந்தும் அன்றிரவு முழுவதும் விழுந்த இடம் எந்த மாநிலத்தில் என்பதிலேயே குழப்பம் நீடித்தது. மீட்புப் படையினர் மறுநாள் காலையில்தான் அங்கே கால் வைத்தார்கள். உயிரோடு கிடைத்தவர்கள் நான்கு பேர். விழுந்த பிறகு தன்னைச் சுற்றிப் பலருடைய குரல்கள் கேட்டதாகவும், இரவு ஏற ஏற அவை ஒவ்வொன்றாக அடங்கியதாகவும் அந்த நால்வரில் ஒருவர் பின்னர் சொன்னார். அதைப் படித்த ஒரு ஜப்பானியர் அரசைச் சந்தேகித்தால் அவரைப் பார்த்து "வதந்தி பரப்பாதீர்கள்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்தது நியூசிலாந்து. 1979 நவம்பர் 28 அன்று அன்டார்க்டிகாவைச் சுற்றிக்காட்டப் போன விமானம் எரபஸ் மலையில் மோதி 257 பேரும் இறந்தார்கள். 1980இல் வந்த அதிகாரபூர்வ அறிக்கை பழியை விமானிகள் மீது போட்டது. இறந்தவர்கள் மறுப்பு எழுத மாட்டார்கள் அல்லவா? மக்கள் அதை அப்படியே விட்டுவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததன் பயனாகத்தான் நீதிபதி பீட்டர் மாஹன் தலைமையில் விசாரணை ஆணையம் வேலை செய்தது. விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, கணினியில் இருந்த பாதையின் ஆயத்தொலைவுகளை நிறுவனம் மாற்றியிருந்தது. அதை விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. சமதளமான கடற்பனி மீது பறப்பதாக அவர்கள் நம்பியிருக்க, வெண்மேகமும் வெண்பனியும் ஒன்றாகிப்போன ஒளியில் எதிரே மலை இருந்தது. நிறுவனத்தின் சாட்சியங்களை, முன்கூட்டியே ஒத்திகை பார்த்து அடுக்கிய பொய்கள் என்ற பொருள்படவே 1981இல் மாஹன் எழுதினார். அரசின் சார்பில் பிரதமர் ஜெசிண்டா ஆர்டர்ன் மன்னிப்புக் கேட்டது 2019இல், நாற்பது ஆண்டுகள் கழித்து. ஆகவே கயல்விழி, உங்கள் மாமாவை நான் முழுமையாகக் கைவிட மாட்டேன்.

சுனை

மாற்றுக்கருத்து அவர்கள் எரபஸ் கதையை ஒரு பக்கம் மட்டும் சொல்லியிருக்கிறார். மாஹனின் அந்தக் கடுமையான வாசகம் நிறுவனத்தாருக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் எழுதப்பட்டது என்று மேல்முறையீட்டில் நீதிமன்றங்கள் கூறின. நியூசிலாந்துக்கு அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் 1983இல் அதையே உறுதி செய்தது. விபத்தின் காரணம் பற்றிய அவருடைய முடிவு அதனால் தள்ளுபடியாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நியாயமான சந்தேகம் கூடச் சான்றைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தால் இடறும் என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

எரபஸில் கேள்வி கேட்டவர்கள் எதைக் கேட்டார்கள் என்று பாருங்கள். பாதை எப்போது மாறியது, யார் மாற்றினார்கள், விமானிக்குக் காட்டிய வரைபடம் எது: இவையெல்லாம் விடை வந்தால் அடங்கிவிடக்கூடிய கேள்விகள். ஜப்பான் விமானத்திலும் விடை வந்தது. 1978இல் ஓடுபாதையில் வால் உரசிய அந்த விமானத்தின் பயணிகள் அறையின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்புறத் தடுப்புச் சுவரை போயிங் நிறுவனத்தார் பழுதுபார்த்தபோது, தொடர்ச்சியான ஒரே இணைப்புத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் அதை இரண்டு துண்டாக வைத்துவிட்டார்கள். சுமை முழுவதும் ஒரே வரிசை ரிவெட்டுகள் மீது விழ, ஏழு ஆண்டுகள் ஒவ்வொரு பயணத்திலும் விரிசல் வளர்ந்து, கடைசியில் சுவர் பிளந்தது. இத்தனை துல்லியமான விளக்கம் வந்த பிறகும், விமானத்தை ஏவுகணை தாக்கியது என்று சொல்பவர்கள் ஜப்பானில் இன்றும் இருக்கிறார்கள். மீட்பு ஏன் தாமதமானது என்று கேட்பவரையும் இவர்களையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. முன்னவருடைய கேள்விக்கு விடையாகக் கூடிய ஆவணம் ஒன்று உண்டு. பின்னவரிடம் எந்த ஆவணத்தைக் கொடுத்தாலும் அதுவும் சதியின் பகுதியாகிவிடும்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபா. 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் போயிங் 707 மோன் பிளாங்க் மலையில் மோதியதில் அவர் உட்பட 117 பேர் இறந்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம். இரண்டு மரணங்களையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு இன்றுவரை கதைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பிரெஞ்சு விசாரணை சொன்னது வேறு. விமானத்தின் திசை காட்டும் கருவிகளில் ஒன்று பழுதடைந்திருந்தது. மலையைப் பொறுத்தவரை விமானம் எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொன்னதை விமானி வேறாகப் புரிந்துகொண்டு, மலையைத் தாண்டிவிட்டோம் என்று நம்பி இறங்கினார். 1950 நவம்பரில் அதே மலையில் ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் மோதி 48 பேர் இறந்திருக்கிறார்கள். அதில் அணு விஞ்ஞானி யாரும் இல்லாததால் அதைப் பற்றி யாரும் கதை எழுதவில்லை.

பனியாறு தான் விழுங்கியதை மெல்ல மெல்லக் கீழே கொண்டுவந்து தருவதால், 2012இல் அந்த விமானத்தின் இந்தியத் தூதரக அஞ்சல் பை ஒன்று கிடைத்தது. மர்மம் அவிழப்போகிறது என்று காத்திருந்தவர்களுக்கு உள்ளே கிடைத்தவை 1966 ஜனவரி மாதத்து நாளிதழ்களும், ஏர் இந்தியா நாட்காட்டிகளும், அவை போன்ற பிறவும். கதை அதனால் ஓய்ந்துவிட்டதா என்றால், இல்லை.

மாற்றுக்கருத்து

சுனை அவர்கள் பிரித்துக் காட்டியதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஆவணம் வெளியே வந்தால்தானே அவரவர் கேள்வி எந்த வகை என்று தெரியும்? 2022 மார்ச் 21 அன்று சீனாவின் குவாங்ஷி மலைப்பகுதியில் சைனா ஈஸ்டர்ன் விமானம் ஏறக்குறைய செங்குத்தாக விழுந்து 132 பேர் இறந்தார்கள். இரண்டு பதிவுக் கருவிகளும் ஒரு வாரத்துக்குள் கிடைத்துவிட்டன. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி முப்பது நாளில் முதற்கட்ட அறிக்கையும், இயன்றவரை பன்னிரண்டு மாதத்துக்குள் இறுதி அறிக்கையும் வர வேண்டும். முதற்கட்டமாக ஒரு சுருக்கம் வந்தது. ஆண்டுகள் கடந்தும், விமானத்திலும் பணியாளர் தகுதியிலும் குறை தென்படவில்லை என்ற அளவிலான அறிவிப்புகளே வந்தன. காரணத்தைச் சொல்லும் இறுதி அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. இதற்கிடையில் வதந்தி பரப்பியதாகப் பலருடைய இணையக் கணக்குகள் முடக்கப்பட்டன. வதந்தி எங்கிருந்து பிறக்கிறது என்று யாராவது ஆராய வேண்டுமென்றால், முதலில் அறிக்கை வர வேண்டிய அலுவலகத்தின் வாசலில் போய் நிற்கட்டும்.

கயல்விழி

மிக்க நன்றி. தாமதம் பற்றிய பகுதி தெளிவாகிவிட்டது. கறுப்புப் பெட்டி மலையில் ஒலி எழுப்பாது என்பது எனக்குப் புதிய செய்தி. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். காரணம் பற்றிய ஊகத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது இறந்தவர்களின் படங்கள். அவர்களுடைய சமூக வலைத்தளப் பக்கங்களிலிருந்து எடுத்த திருமணப் படங்களும், குழந்தைகளின் படங்களும், "கடைசி நிமிடங்கள்" என்ற தலைப்பில் வரும் காணொளிகளும் சில மணி நேரத்துக்குள் எல்லோர் கைக்கும் வந்துவிடுகின்றன. பகிர்பவர்கள் அஞ்சலி என்றுதான் நினைக்கிறார்கள். இதில் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது?

பிழைதிருத்தி

நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் இரவுப் பணி பார்த்தவன் நான். விபத்துச் செய்தி வரும் இரவில் அந்த அறையில் எல்லோரும் தேடுவது முதலில் படம், பிறகு எண்ணிக்கை, கடைசியாகத்தான் காரணம். ஆகவே இந்தப் பழக்கத்தைப் பொதுமக்கள் கண்டுபிடித்ததாக நான் சொல்ல மாட்டேன், எங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

ஜெர்மன்விங்ஸ் விபத்தில் ஜெர்மனியின் ஹால்டெர்ன் நகரத்துப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் 16 பேரும் ஆசிரியைகள் இருவரும் இறந்தார்கள். பள்ளி வாசலில் மெழுகுவத்தி ஏற்றி அழுதுகொண்டிருந்த பிள்ளைகளைச் சுற்றி உலகத்து ஒளிப்படக் கருவிகள் அனைத்தும் குவிந்தன. துணை விமானியே கதவை உட்புறமாகப் பூட்டிக்கொண்டு விமானத்தை மலையில் மோதினார் என்று மார்செய் நகர அரசு வழக்கறிஞர் மார்ச் 26 அன்று அறிவித்ததும் அடுத்த ஓட்டம் தொடங்கியது. அந்த அவசரத்தில், சம்பந்தமே இல்லாத வேறொரு மனிதரின் படத்தைத் துணை விமானி என்று சில ஊடகங்கள் வெளியிட்டன. ஜெர்மனியின் பத்திரிகை மன்றத்துக்கு நூற்றுக்கணக்கான புகார்கள் போயின. துணை விமானியின் பெயரை வெளியிட்டது ஏற்கத்தக்கது, ஏனென்றால் அது பொதுநலன் சார்ந்த செய்தி. ஆனால் இறந்தவர்களின் படங்களை உறவினர் ஒப்புதல் இல்லாமல் வெளியிட்டது தவறு என்பதே மன்றம் எடுத்த நிலையின் சாரம். நீங்கள் கேட்ட எல்லைக்கோட்டை இதைவிடத் தெளிவாக என்னால் வரைய இயலாது. வீட்டாரே ஒரு படத்தை வெளியிட்டு நினைவுகூரச் சொன்னால் பகிருங்கள். அவர்களுக்கே இன்னும் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாத நேரத்தில் அவர்கள் பக்கத்திலிருந்து எடுத்த படத்தைத் தொடாதீர்கள்.

துக்கம் வெளிப்படும் விதத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அதே விபத்தில் இறந்தவர்களில் பலர் ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியினர் என்று தெரிந்ததும், அதைக் கொண்டாடிச் சிலர் டிவிட்டரில் எழுத, அந்நாட்டு உள்துறை அமைச்சகமே விசாரிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு 2016 நவம்பர் 28 அன்று, பிரேசிலின் ஷாபெகோயென்சே கால்பந்து அணியை ஏற்றிச் சென்ற விமானம் எரிபொருள் தீர்ந்து கொலம்பிய மலையில் விழுந்து 71 பேர் இறந்தார்கள். அவர்களோடு இறுதிப் போட்டியில் மோத வேண்டியிருந்த அத்லெட்டிகோ நசியோனால் அணி, கோப்பையை இறந்தவர்களின் அணிக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. ஆட்டம் நடந்திருக்க வேண்டிய அதே நேரத்தில் மெடெயின் நகர மைதானத்தை வெள்ளை உடுத்திய மக்கள் நிரப்பினார்கள். ஒருவர் படத்தையும் திருடாமல் அஞ்சலி செலுத்த முடியும் என்பதற்கு இது போதும்.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லா மலைக்கும் ஒரே அளவு கண்ணீர் விழுவதில்லை. ஜெர்மன்விங்ஸ் விபத்து நடந்த அதே 2015இல், ஆகஸ்ட் 16 அன்று, இந்தோனேசியாவின் பப்புவா மலையில் திரிகானா ஏர் விமானம் மோதி 54 பேர் இறந்தார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு வழங்குவதற்காக அஞ்சல் துறையினர் அதில் 650 கோடி ரூபியா ரொக்கம் எடுத்துச் சென்றார்கள். உலகச் செய்திகளின் தலைப்பில் இறந்தவர்களுக்கு முன்னால் அந்தப் பணம் இடம் பிடித்தது. 1974 டிசம்பர் 4 அன்று, இலங்கையின் மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மார்ட்டின்ஏர் விமானம் மோதி 191 பேர் இறந்தார்கள். அவர்களில் 182 பேர் மக்காவுக்குப் புறப்பட்ட இந்தோனேசிய ஹஜ் பயணிகள். கொழும்பை நெருங்கிவிட்டதாகத் தவறாகக் கணித்து விமானிகள் முன்கூட்டியே உயரம் குறைத்ததுதான் காரணம் என்று விசாரணை கூறியது. தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த மலைநாட்டில் நடந்த விபத்து இது. ஆனாலும் நம்மில் பலருக்கு ஆண்டீஸ் மலையில் உயிர் பிழைத்தவர்கள் எதைத் தின்றார்கள் என்பது தெரிந்த அளவுக்கு இது தெரியாது.

இறக்கை

பிழைதிருத்தி அவர்கள் ஆண்டீஸை நினைவூட்டியதால் ஒரு சிறு சேர்க்கை. இறந்த நண்பர்களின் உடலைத் தின்றே பிழைத்தோம் என்பதை, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முதலில் நேரில் சொல்ல வேண்டும் என்றே அந்த இளைஞர்கள் நினைத்திருந்தார்கள். சிலி நாட்டு நாளிதழ்கள் அதற்குள் படத்தோடு போட்டுவிட்டன. 1972 டிசம்பர் 28 அன்று அவர்கள் செய்தியாளர்கள் முன் தாங்களே எழுந்து பேசிய பிறகுதான் பேச்சின் போக்கு மாறியது. கத்தோலிக்கத் திருச்சபையும் அது பாவமன்று என்றது. தாமாகச் சொல்ல ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பங்கள் நாளிதழில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது.

ஜெர்மன்விங்ஸ் பற்றியும் ஒன்று. முதல் நாள் எல்லோரும் சொன்னது என்ன? பழைய விமானம், மலிவுக் கட்டண நிறுவனம், உறைந்துபோன உணரி (சென்சார்). விமானத்துக்கு வயது 24 என்பது உண்மை. முந்தைய நவம்பரில் இன்னொரு விமானத்தில் உணரி உறைந்ததும் உண்மை. இந்த விபத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்பதும் உண்மை. காரணம் தெரிந்ததும் கூட்டம் அப்படியே மறுபக்கம் சாய்ந்து, மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்ளும் எவரும் விமானம் ஓட்டக் கூடாது என்றது. அப்படி ஒரு விதி வந்தால் என்ன நடக்கும் என்று தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள்: யாரும் மருத்துவரிடம் போக மாட்டார்கள், போனாலும் சொல்ல மாட்டார்கள். அந்தத் துணை விமானியும் மருத்துவர்களைப் பார்த்தார், மருத்துவ விடுப்புச் சீட்டும் வாங்கினார், நிறுவனத்திடம் காட்டவில்லை. வேலை போய்விடும் என்ற அச்சம் எப்படி நோயை மறைக்க வைக்கிறது என்பதை 2016 மார்ச்சில் வந்த இறுதி அறிக்கை விரிவாகவே பேசியது. சக விமானிகளிடம் மனம் விட்டுப் பேசும் ஆதரவு ஏற்பாடும், உரிமம் போனால் வருமான இழப்பை ஈடுகட்டும் ஏற்பாடும் வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் கொண்டுவந்த விதியில் வேலைக்கு எடுக்கும் முன் உளவியல் மதிப்பீடும், அந்த ஆதரவு ஏற்பாடும் இடம்பெற்றன. முதல் வாரத்துக் கோபத்தில் கேட்டதற்கும் ஓராண்டு ஆய்வில் கிடைத்ததற்கும் இடையே இவ்வளவு தூரம்.

மாற்றுக்கருத்து

"கடைசி நிமிடங்கள்" காணொளி பற்றிக் கயல்விழி கேட்டதற்கு யாரும் முழுமையாக விடை சொல்லவில்லை. ஜெர்மன்விங்ஸ் விமானத்துக்குள் எடுத்த கைப்பேசிக் காணொளியைப் பார்த்ததாக இரண்டு ஐரோப்பிய இதழ்கள் எழுதின. அத்தகைய காணொளி எதுவும் தங்களிடம் இல்லை என்று விசாரணைத் தரப்பு மறுத்தது. அது வெளிவரவே இல்லை, அது நல்லதே. ஆனால் விமானி அறைக் குரல் பதிவு வேறு. அதை வெளியிட்டால்தான் உண்மை தெரியும் என்று நான் நினைக்கிறேன்.

சுனை

எல்லோருக்கும் வெளியிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. விசாரணைக்காக மட்டும் என்ற உறுதியின் பேரில்தான் விமானிகள் தங்கள் அறையில் ஒலிவாங்கியை அனுமதித்திருக்கிறார்கள். காரணத்துக்குத் தொடர்பான உரையாடலை எழுத்து வடிவில் அறிக்கையில் சேர்த்தால் போதுமானது. ஒருவருடைய கடைசி மூச்சொலி யாருடைய கைப்பேசியிலும் பின்னணி இசையோடு ஓடத் தேவையில்லை.

ஆனால் உறவினர்கள் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் அவ்வளவு உறுதியான விடை இல்லை. ஜப்பான் ஏர்லைன்ஸ் 123இன் குரல் பதிவு விபத்துக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கசிந்து தொலைக்காட்சியிலேயே ஒலித்துவிட்டது; இன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் மூலப் பதிவைத் தங்களுக்குக் காட்ட வேண்டும் என்று இறந்தவர்களின் உறவினர்கள் 2021இல் தொடுத்த வழக்கை டோக்கியோ நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது. ஊரெல்லாம் கேட்டுவிட்ட ஒன்றின் மூலத்தை வீட்டாரிடம் மட்டும் மறுப்பதற்குச் சட்டத்தில் காரணம் இருக்கலாம். கேட்பவர்களிடம் அதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இறக்கை அவர்களுக்குத் தெரிந்தால் எழுதட்டும்.